ரிக் வாழ்க்கையை நகைச்சுவைப் புத்தகமாக்கப் போகிறவர்களுக்கு: அச்சகத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

என் கட்டிலுக்கு அடியில் 214 புத்தகங்கள் ஒன்பது மாதம் கிடந்தன. கடலில் எண்ணெய் ரிக்குகளில் 11 வருடம் வேலை பார்த்த கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதி, ஆசை ஆசையாக 300 பிரதி அச்சடித்து, 86 பிரதிகளைத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் கொடுத்து முடித்த நேரம் பார்த்து, பழைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு வாக்கியங்களும் ஒரு போட்டோவும் ஒப்பந்தத்தை மீறியிருக்கின்றன, மீதிப் பிரதிகளை வெளியே விடாதீர்கள் என்று. புத்தகத்தில் நான் யாரையும் திட்டவில்லை. ஒரு கிணற்றின் ஆழத்தைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

கடிதம் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரிசையை மாற்றிச் செய்தது நான். முதலில் அச்சடித்துவிட்டு அப்புறம் அனுமதியைப் பற்றி யோசித்தேன். ரிக்கில் வேலை பார்த்த எல்லோரிடமும் ஒரு புத்தகத்துக்கான கதை இருக்கிறது; மெஸ் ரூமில் சொன்னால் மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள். அதைக் காகிதத்தில் கொண்டுவர எந்த ஆவணம் எப்போது வேண்டும், எதற்கு எத்தனை நாள் பிடிக்கும், காசு எங்கே கரையும் என்பதை அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். அது மட்டும்தான் இங்கே.

காசை ஷிஃப்ட் கணக்கில் சொல்கிறேன். ஒரு ஷிஃப்ட் என்றால் 12 மணி நேர வேலைக்குக் கிடைக்கும் சம்பளம். 28 ஷிஃப்ட் சேர்ந்தால் ஒரு ஹிட்ச், அதாவது ஒரு முறை கடலுக்குப் போய் வருவது; அதற்குப் பிறகு 28 நாள் கரையில் விடுப்பு. சம்பளம் நாட்டுக்கு நாடு, பதவிக்குப் பதவி மாறும். ஆனால் எத்தனை நாள் இரும்பு தூக்கினால் இது கட்டுப்படியாகும் என்ற கணக்கு ரிக் ஆட்கள் எல்லோருக்கும் புரியும்.

1. வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள்

முதல் வரி எழுதும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அந்தக் காகிதத்தை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டோம். சம்பளமும் விடுப்பும் எழுதிய பக்கங்களைத் தாண்டிப் போனால் கான்ஃபிடென்ஷியாலிட்டி என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் மூன்று இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். எதையெல்லாம் ரகசியம் என்கிறார்கள், வேலையை விட்ட பிறகும் அது எவ்வளவு காலம் கட்டுப்படுத்தும், வெளியே எதையாவது எழுதும் முன் யாரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ‘அதான் வேலையை விட்டாச்சே’ என்று நினைத்துத்தான் நான் மாட்டினேன். வேலை முடிந்த பிறகும் இந்தப் பிரிவு மட்டும் உயிரோடு இருக்கும்படிதான் பல ஒப்பந்தங்களை எழுதுகிறார்கள்.

ரிக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மேடையில் ஏழெட்டுக் கம்பெனி ஆட்கள் இருப்பார்கள். கிணறு எண்ணெய்க் கம்பெனியுடையது. ரிக் துளையிடும் கான்ட்ராக்டருடையது. சிமெண்ட் இறக்குகிறவர், மட் என்கிற துளையிடும் சேற்றைக் கலக்குகிறவர், சமைக்கிறவர் எல்லாம் வேறு வேறு கம்பெனி. உங்களை அனுப்பியது ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியாகக்கூட இருக்கலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டது ஒருவரிடம்தான். ஆனால் அவர் எண்ணெய்க் கம்பெனியிடம் போட்ட கையெழுத்தில் உங்கள் வாயையும் சேர்த்து அடகு வைத்திருப்பார்.

சில கிணறுகளை டைட் ஹோல் என்று சொல்லிவிடுவார்கள். அதன் ஆழம், அழுத்தம், கிடைத்த பாறை எதுவும் வெளியே போகக்கூடாது. பக்கத்து பிளாக்குக்கு, அதாவது பக்கத்துக் கடல் பகுதிக்கு, ஏலம் கேட்கப் போகிறவருக்கு அந்த ஒரு எண்ணே போதும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? இத்தனை மீட்டரில் பிட் (துளையிடும் முனை) மாட்டிக்கொண்ட ராத்திரிதான் எங்கள் சமையல்காரருக்குப் பல்வலி வந்தது என்று. சிரிப்பு பல்வலியில் இருந்தது. கடிதம் மீட்டருக்கு வந்தது.

ஒரு உறையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: வேலை ஒப்பந்தம், ஒவ்வொரு முறை நீட்டித்தபோதும் வந்த கடிதம், விலகும்போது கணக்கு முடிக்கக் கையெழுத்துப் போட்ட தாள் (அதிலும் ஒரு ரகசிய வரி ஒளிந்திருக்கும்), பாஸ்போர்ட் முத்திரைகளின் நகல், பயிற்சிச் சான்றிதழ்கள். கடைசி இரண்டும் தேதி சரிபார்க்க. எண்ணெய்த் துறைப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஓபிட்டோ அமைப்பின் அடிப்படைக் கடல் பாதுகாப்புச் சான்றிதழ் 4 வருடம்தான் செல்லும். என்னுடைய மூன்று சான்றிதழ்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், முதன்முதலில் ஹெலிகாப்டர் ஏறிய வருடத்தையே தப்பாக எழுதியிருந்தது தெரிந்தது.

2. கடலில் குறிப்பு, கரையில் எழுத்து

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு இது. ரிக்கில் உட்கார்ந்து அத்தியாயம் எழுதலாம் என்று கனவு காணாதீர்கள். 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் பக்கத்துப் படுக்கையில் குறட்டை விடுகிறவர் உங்கள் படைப்பூக்கத்தை முடித்து வைத்துவிடுவார். தூங்கும் முன் ஐந்து வரி போதும். யார், எங்கே, அந்த ஆள் சொன்ன சொல் அப்படியே. நகைச்சுவைக்கு அந்தச் சொல்தான் உயிர். ஒரு வாரம் கழித்து யோசித்தால் பொதுவான சாரம்தான் நினைவுக்கு வரும், அதை வைத்துக்கொண்டு யாரையும் சிரிக்கவைக்க முடியாது.

குழாய் நீளம் குறிக்கும் டாலி புக்கில் இதை எழுதாதீர்கள். அது எப்போதும் பாக்கெட்டில் இருக்கும் என்பதால் கை தானாக அதில் போகும். ஆனால் ஒரு பக்கத்தில் கிணற்றுக் கணக்கு, மறுபக்கத்தில் ஜோக் என்று இருந்தால், கரைக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்ததே கம்பெனித் தகவலைக் கொண்டுவந்ததாகிவிடும். உங்கள் காசில் வாங்கிய தனி நோட்டு ஒன்று, கேபினை விட்டு வெளியே போகாத நோட்டு.

கரையில் இருக்கும் 28 நாளும் எழுதலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். முதல் வாரம் உடம்பு பகல் எது இரவு எது என்று தேடிக்கொண்டிருக்கும். கடைசி நான்கு நாள் மனசு பெட்டி கட்டப் போய்விடும். நடுவில் வீட்டு வேலை, வங்கி வேலை, மருத்துவப் பரிசோதனை. எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரு விடுப்புக்கு 12 நாள். நாளுக்கு 800 சொல் என்று நான்கு விடுப்பில் 40,000 சொல்லுக்குக் கொஞ்சம் குறைவாக எழுதினேன். காலண்டரில் அது ஏழு மாதத்துக்கு மேல்.

3. எந்த ஜோக் எடுபடும் என்று முதலில் பிரியுங்கள்

ரிக் கதை என்றாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புது ஆளை ஏமாற்றியது. எனக்கும் அதுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். ரவுஸ்டபௌட் என்ற கடைநிலைப் பதவி, தலையில் புது ஆள் என்று காட்டும் பச்சை ஹெல்மெட். துளையிடும் எந்திரத்தை இயக்கும் ட்ரில்லர் கூப்பிட்டு, ‘தம்பி, வி-டோர் சாவியை வாங்கிக்கிட்டு வா’ என்றார். அவருக்கு மேலதிகாரியான டூல்புஷரிடம் போனேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து பொறுமையாகத் தேடிவிட்டு, கிரேன் ஆபரேட்டரிடம் இருக்கும் என்றார். 40 படி ஏறிப் போனேன். அவர் ரிக்கின் மருத்துவ உதவியாளரான மெடிக்கிடம் அனுப்பினார். மெடிக் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ரேடியோ அறைக்கு அனுப்பினார். ரேடியோ ஆபரேட்டர் ஒலிபெருக்கியில், ‘வி-டோர் சாவி வைத்திருப்பவர் உடனடியாக ட்ரில் ஃப்ளோருக்கு வரவும்’ என்று ரிக் முழுக்க அறிவித்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

வி-டோர் என்பது சுமார் 9 மீட்டர் நீளக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் ஏறி ட்ரில் ஃப்ளோருக்குள், அதாவது துளையிடும் தளத்துக்குள், வரும் திறப்பு. பெயர்தான் கதவு. கதவே கிடையாது, பூட்டு எங்கிருந்து வரும்?

இந்தக் கதை இதோடு முடிந்தால் புத்தகத்தில் போடாதீர்கள். உலகத்தில் எந்த ரிக்குக்குப் போனாலும் இது நடந்திருக்கும். பழைய ஆட்கள் முதல் வரியிலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். என் கதையைக் காப்பாற்றியது சாப்பாடும் தங்குமிடமும் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ். கடைசியாக நான் அவரிடம் போய் நின்றபோது, பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, நிஜமாகவே ஒரு சாவியைக் கொடுத்துவிட்டார். ஃப்ரீஸர் அறைச் சாவி. நான் அதை ஓடிப்போய் ட்ரில்லரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் ஒரு நிமிஷம் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து சாவியோடு தூங்கியும் போனார். அவரை எழுப்புகிற தைரியம் யாருக்கும் இல்லாததால் அன்று இரவு ரிக்கில் இருந்த 110 பேருக்கும் முட்டைதான். அடுத்த ஹிட்ச்சில் யாரும் யாரையும் வி-டோர் சாவிக்கு அனுப்பவில்லை.

இப்படி உங்கள் ரிக்கில் மட்டும் நடந்த திருப்பம் ஒன்று இருந்தால் அந்த ஜோக் புத்தகத்துக்கு வரும். இல்லாவிட்டால் மெஸ் ரூமிலேயே இருக்கட்டும்.

அடுத்தது பாஷை. ரிக் பாஷையே பாதி நகைச்சுவை. ட்ரில்லர் நிற்கும் அறை டாக்ஹவுஸ், அதாவது நாய்க்கூண்டு. அடுத்த குழாயைத் தயாராக இறக்கி வைக்கும் துளை எலிவளை. தளத்துக்கு மேலே சுமார் 25 மீட்டரில் டெரிக்மேன் நின்று வேலை செய்யும் பலகைக்குக் குரங்குப் பலகை என்று பெயர். கிணற்றுக்குள் ஏதாவது உடைந்து விழுந்துவிட்டால் அந்த இரும்புத்துண்டு மீன், அதை எடுப்பது மீன்பிடிப்பு. கிணற்றின் தலையில் உட்காரும் வால்வுக் கூட்டம் கிறிஸ்துமஸ் மரம். என் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம், ‘நாய்க்கூண்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மீன் பிடிக்கக் கூப்பிட்டார்கள்’ என்று தொடங்கியது. எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். படித்த என் மனைவி, ‘இத்தனை வருஷம் மீன் பிடிக்கவா போனீங்க? அதுக்கு எதுக்கு ஹெலிகாப்டர்?’ என்று கேட்டாள். என் வரியை அடித்துவிட்டு அவள் கேள்வியைப் போட்டேன். அதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பின்னால் அருஞ்சொற்பட்டியல் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பக்கம் புரட்டி அர்த்தம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து யாரும் சிரிப்பதில்லை. ஜோக்குக்கு இரண்டு பத்தி முன்னால், வேறு ஏதோ பேச்சில், அந்தச் சொல்லின் அர்த்தத்தைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

4. தொடக்கூடாத சிரிப்புகள்

சாவு, அங்கம் போனது, அதற்கு ஒரு நூல் இடைவெளியில் தப்பியது. 1988இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எரிந்தபோது 167 பேர் இறந்தார்கள். 2010இல் டீப்வாட்டர் ஹொரைசனில் 11 பேர். உங்கள் புத்தகத்தைப் படிப்பவரில் யாருக்காவது அங்கே ஒரு நண்பன் இருந்திருப்பான். மெஸ் ரூமில் நாம் கறுப்பு ஜோக் அடிப்பதுண்டு, பயத்தை விரட்ட. அச்சில் அதன் கூடவே அந்த பயம் வருவதில்லை, ஜோக் மட்டும் தனியாக வந்து நிற்கும்.

இதைவிட நயமாக மாட்டிவிடும் கதை ஒன்று இருக்கிறது. ‘எங்கள் ஆள் ஒருவன் பெர்மிட் இல்லாமலே வால்வைத் திறந்து...’ என்று தொடங்குகிற கதை. சொல்லும்போது சிரிப்பாக இருக்கும். ஆனால் அது ஒரு பாதுகாப்பு மீறலுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் சாட்சி. அந்த ஆள் இன்னும் வேலையில் இருக்கலாம். அப்போது எழுதாத விபத்து அறிக்கையை இப்போது ஏன் எழுதுகிறீர்கள் என்று உங்களையே கேட்கவும் செய்வார்கள். இப்படிப்பட்ட கதைகள் என்னிடம் ஐந்து இருந்தன. ஐந்தையும் எடுத்துவிட்டேன்.

எந்த வில்லங்கமும் இல்லாத சிரிப்புச் சுரங்கம் பயிற்சிக் கூடம். ஹெலிகாப்டரில் ரிக்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஹியூட் என்ற பயிற்சியை முடித்திருப்பார்கள்: ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கூண்டு சுற்றுவது நின்ற பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று பயிற்சியாளர் பத்து முறை சொன்னார். நான் முதலில் பெல்ட்டைக் கழற்றினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, கூண்டின் தரையில் முதுகு ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்குள்ளே மிதக்கிறேன்; எதிரே தலைகீழாக உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். ரகசியமும் கிடையாது, யார் வேலைக்கும் ஆபத்து கிடையாது, அசடு நான் மட்டும்தான்.

5. ஆட்களிடம் எழுதி வாங்குங்கள்

பெயரை மாற்றினால் போதும் என்பது தவறு. ரிக்கில் ஒரு மெடிக்தான் இருப்பார், ஒரு கேம்ப் பாஸ்தான். ‘இடதுகைக் கிரேன் ஆபரேட்டர்’ என்று எழுதினால் பெயரே வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் செய்தது: சின்னப் பாத்திரங்களில் இரண்டு மூன்று பேரை ஒருவராக்கினேன், பதவியை மாற்றினேன், ஆள் எந்த நாடு என்பதைத் தூக்கினேன். மொழி உச்சரிப்பை வைத்து அடித்த ஜோக்குகளையும் தூக்கினேன். மறுபடி படித்தபோது எனக்கே கூசியது.

பெரிய பாத்திரங்களாக வந்த 17 பேருக்கு மெயில் போட்டேன். ‘உங்களைப் பற்றி எழுதுகிறேன், சரிதானே?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எல்லோரும் சரி என்பார்கள், புத்தகம் வந்ததும் சண்டைக்கு வருவார்கள். அவர் வரும் பகுதியை முழுதாக ஒட்டி, ‘இந்த வடிவில் அச்சிடச் சம்மதம்’ என்று தேதியோடு பதில் கேளுங்கள். அந்த மெயிலை பிடிஎஃப் ஆக்கி உறையில் போடுங்கள்.

இதற்கு இரண்டரை மாதம் ஒதுக்குங்கள். பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், மீதிப் பேர் கரைக்கு வந்த முதல் வாரத்தில் எந்த மெயிலையும் திறக்க மாட்டார்கள். எனக்கு 14 சம்மதம், இரண்டு மறுப்பு, ஒருவரிடமிருந்து பதிலே இல்லை. மறுத்தவர்களையும் பதில் சொல்லாதவரையும் எடுத்துவிட்டேன். சம்மதித்தவர்களில் ஒருவருக்கு மட்டும் தன்னைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறேனே என்று வருத்தம்.

இந்த ஒரு வேலையை நான் அச்சுக்கு முன்பே ஒழுங்காகச் செய்தேன். நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்த எனக்கு, கம்பெனியும் கோபிக்கும் என்று தோன்றவே இல்லை.

6. போட்டோ

ட்ரில் ஃப்ளோரில் செல்போனில் எடுத்த படத்தை அச்சிடுவது, நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். சாதாரண போனும் கேமராவும் வாயு கசியக்கூடிய இடத்தில் தீப்பொறி கிளப்பலாம் என்பதால் அங்கே தடை. வேண்டுமென்றால் பெர்மிட் வாங்கி எடுக்க வேண்டும். என் புத்தகத்தில் வந்த அந்தப் படத்தில் நான் குரங்குப் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். மார்பில் கம்பெனி சின்னம் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் ஒரு திரையில் எண்கள்கூடத் தெரிகின்றன. படத்தை எடுத்தது வேறு ஒருவர். ஆகவே காப்புரிமையும் என்னுடையது கிடையாது. ஒரே படத்தில் நான்கு தப்பு.

கோட்டுச் சித்திரம் போடுங்கள். நகைச்சுவைக்குப் படத்தைவிட அதுதான் பொருந்தும். ஓவியருக்கு ரிக் தெரிந்திருக்காது, கடலுக்கு நடுவே மின்கம்பம் மாதிரி ஒன்றை வரைந்து அனுப்புவார். பெரிய கம்பெனிகள் பொதுமக்களுக்காக வெளியிட்டிருக்கும் படங்களைக் காட்டிப் புரிய வையுங்கள், நகலெடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

7. கம்பெனி அனுமதி

முழுக் கையெழுத்துப் பிரதியையும் அனுப்பி, ‘படித்துச் சொல்லுங்கள்’ என்றால் அது யார் மேஜையிலாவது தூங்கும். மூன்று காகிதம் தயார் செய்யுங்கள். ஒரு பக்கக் கடிதம்: நீங்கள் யார், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை வேலை பார்த்தீர்கள், புத்தகம் எதைப் பற்றி. இரண்டாவது, வேலை, இடம், கருவி, ஆள் என்று எது வந்தாலும் அந்த வரியைப் பக்க எண்ணோடு எடுத்தெழுதிய பட்டியல். மூன்றாவதாக முழுப் பிரதி, பிடிஎஃப் ஆக. அவர்கள் அலுவலக மொழி உங்கள் புத்தக மொழி கிடையாது என்றால் பட்டியலையாவது மொழிபெயர்த்துக் கொடுங்கள். யாருக்கு அனுப்புவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அவருக்கு. எழுதாவிட்டால் ஆள் சேர்ப்புப் பிரிவுக்குப் போட்டு, சட்டப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

பதில் வர மூன்று நான்கு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் சம்மதம் என்று அர்த்தமாகாது. மாதம் ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள். பழைய சூப்பர்வைசர் போனில், ‘அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, போடுங்க’ என்று சொல்வார். எனக்கும் ஒருவர் சொன்னார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் சொன்னதை எந்த உறையில் போட்டு வைப்பது?

அனுப்பும் முன் வெளியீட்டு ஒப்பந்தங்கள் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். எனக்கு 2 ஷிஃப்ட் சம்பளம் ஆனது, அதுவும் கடிதம் வந்த பிறகு. அவர் என் புத்தகத்தைப் புரட்டி 20 நிமிஷத்தில் அந்த நான்கு வாக்கியங்களையும் விரல் வைத்துக் காட்டினார். கம்பெனி கேட்டதும் கடைசியில் அதுவேதான்: ஆழத்தை எடு, அழுத்தத்தை எடு, கிணற்றின் பெயரை எடு, வாடிக்கையாளர் பெயரை எடு. நகைச்சுவை எதையும் அவர்கள் தொடவில்லை. கொஞ்சம் வருத்தம்கூட எனக்கு.

8. அச்சும் செலவும்

தமிழ்ப் புத்தகத்துக்கு முதலில் எழுத்துருவைப் பேசி முடியுங்கள். நீங்கள் யூனிகோடில் எழுதியிருப்பீர்கள். பக்கம் வடிவமைப்பவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். அந்த மாற்றத்தில் கொம்பு ஒரு எழுத்தில், கால் இன்னொரு எழுத்தில் போய் உட்காரும். மாதிரிக்கு ஒரு பக்கம் கேட்காதீர்கள். ஸ்ரீ, ஜௌ, க்ஷ, ஒற்றை மேற்கோள், எண்கள் எல்லாம் வருகிற ஒரு அத்தியாயம் கேளுங்கள். ரிக் கதையில் ஃப் வராத வரி இருக்காது, அந்த ஆய்த எழுத்து கட்டமாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கங்களைப் பெரும்பாலும் 16, 16 ஆகத்தான் அச்சடிப்பார்கள். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். என் புத்தகம் 209 பக்கம் வந்தது. 208 என்றால் சரியாக 13 ஃபாரம். ஒரு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்துக்குக் காசு கேட்டார்கள். ஹெலிகாப்டரில் ஏற்றும் முன் பெட்டியோடு சேர்த்து ஆளையும் எடை போடுவார்களே, அதைப் பற்றிய ஒரு ஜோக்கை வெட்டினேன். அது நல்ல ஜோக்கும் இல்லை.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைச் சில நாடுகளில் இலவசமாகத் தருகிறார்கள், சில நாடுகளில் விலைக்கு. பதிப்பகம் இல்லாமல் நீங்களே வெளியிட்டால் உங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை வடிவமைப்புக்கு முன்பே கையில் இருக்கட்டும், பின்னட்டையில் பார்கோடு போட அது தேவை. முதல் தடவை 300 பிரதி வேண்டாம். கேட்கும்போது அச்சடித்துத் தரும் முறையில் 30 பிரதி போட்டுப் பாருங்கள். பிரதிக்கு விலை கூடத்தான் ஆகும், ஆனால் தப்பு கண்டுபிடித்தால் கட்டிலுக்கு அடியில் 30தான் போகும்.

எனக்கு ஆன கணக்கு: பிழை திருத்தியவருக்கு 5 ஷிஃப்ட், பக்க வடிவமைப்புக்கு 4, அட்டைக்கு 3, அச்சுக்கு 12. மொத்தம் 24. வக்கீல் 2. வரிசையாகச் செய்திருந்தால் 26இல் முடிந்து, ஒரு ஹிட்ச் சம்பளத்தில் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். தப்பைச் சரிசெய்ய இன்னும் 6 ஆனது.

9. அச்சடித்து முடித்த பிறகு கடிதம் வந்தால்

முதலில் விநியோகத்தை நிறுத்துங்கள், நிறுத்திவிட்டதாக ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சண்டை போட்டுப் பதில் எழுதாதீர்கள். கொடுத்துவிட்ட 86 பிரதிகளைத் திரும்பக் கேட்டு எல்லோருக்கும் மெயில் போடச் சொன்னார்கள், போட்டேன். ஒன்றுகூட வரவில்லை. கேட்ட ஆதாரம் இருந்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கறுப்பு மார்க்கரால் அடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மை மறுபக்கம் ஊறி அங்கே இருக்கும் நல்ல வரியையும் கெடுக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் அடித்ததும் தெரியும். அடித்த இடத்தைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். தாளை மாற்றுங்கள். என் நான்கு வாக்கியங்களும் படமும் மூன்று தாள்களில் இருந்தன. திருத்திய மூன்று தாள்களை மட்டும் அதே காகிதத்தில் அச்சடித்து வாங்கினேன். பழைய தாளை முதுகோரம் அரை அங்குலம் விட்டு இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டி, அந்த விளிம்பில் மெல்லிய பசை தடவி, புதுத் தாளை ஒட்டி, மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு இரவு விட வேண்டும். பசை அதிகமானால் மூன்று பக்கம் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். வெட்டும்போது எதிர்ப்பக்கத்துத் தாளும் சேர்ந்து வந்துவிடாமல் நடுவில் ஒரு அட்டை செருகிக்கொள்ளுங்கள்.

214 புத்தகம், 642 தாள். விடுப்பில் இருந்த பழைய நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் பசை தடவ, ஒருவர் ஒட்ட, ட்ரில் ஃப்ளோரில் குழாய் மாட்டுகிற மாதிரியே இரண்டு நாள் ஓடியது. முடித்த பிறகு ஒவ்வொரு பிரதியையும் புரட்டிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஏழு பிரதிகளில் 113ஆம் பக்கம் தலைகீழாக இருக்கிறது. ஹியூட் பயிற்சி பற்றிய பக்கம் அது என்பதால், வேண்டுமென்றே அப்படி வைத்ததாக வாங்கியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.